பெரியவர்களுக்கு நண்பர் தேடித் தரும் செயலி: ஓட்டைகளைச் சொல்லுங்கள்

#1 கடைசிபெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எனக்கு வயது 34. சொந்த ஊர் திருநெல்வேலி. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில், சோழிங்கநல்லூர்ப் பக்கம் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். கல்லூரியில் ஒன்றாகத் திரிந்த ஆறு பேரில் மூவர் வெளிநாடு, ஒருவர் பெங்களூரு, ஒருவர் ஓசூர். மிச்சம் ஒருவர் அம்பத்தூர். இங்கிருந்து பார்த்தால் அம்பத்தூரும் வெளிநாடுதான்.

சென்ற மாதம் வீடு மாற்றினேன். கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கைப்பேசியில் 612 எண்கள் இருந்தன. மேலிருந்து கீழாக ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, கூலிக்கு ஆள் வைத்தேன். காசு போனது பெரிதில்லை. அந்த 612தான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் ஒரு செயலி செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். உள்ளே வருபவர் நாற்பது பொழுதுபோக்குகளில் ஐந்தைத் தேர்ந்தெடுப்பார். வயது, பகுதி, வேலை, படம் கொடுப்பார். இன்னாரோடு உங்களுக்கு 87 விழுக்காடு பொருத்தம் என்று செயலி அட்டை அட்டையாகக் காட்டும். பிடித்திருந்தால் வலப்பக்கம் தள்ளலாம், இல்லையென்றால் இடப்பக்கம். இருவரும் வலப்பக்கம் தள்ளினால் அரட்டை திறக்கும். அதற்கு மேல் அவர்களே பேசிச் சந்தித்துக்கொள்வார்கள்.

திரைகளை வரைந்து இணைத்திருக்கிறேன். ஓட்டைகளை மட்டும் சொல்லுங்கள். பாராட்டை வீட்டில் அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறேன்.

#2 தேநீர்இரண்டு

இதற்கு ஏற்கெனவே வாட்ஸாப் குழு என்று பெயர் இருக்கிறது. 1,024 பேர் வரை சேர்க்கலாம். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் வரும். யாரும் யாரையும் நேரில் பார்க்க மாட்டார்கள்.

#3 மழைக்கோடு

படங்களைப் பார்த்தேன். மென்பொருளைச் சோதிப்பதுதான் எனக்கு வேலை, ஆகவே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்வேன். தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பார்க்கும் செயலிக்குச் சட்டையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். படம், வயது, வேலை, பொருத்தம். ஜாதகக் கட்டத்தின் இடத்தில் பொழுதுபோக்குக் கட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தால் நட்பு கூடிவரும் என்று எந்தச் சோசியர் சொன்னார்? தள்ளிப் பார்க்கும் முறையைத் துணை தேடும் செயலியான பம்பிள் 2016-லேயே நட்புக்கும் கொண்டுவந்துவிட்டது, அதனால் புதுமை என்றும் சொல்ல முடியாது.

எனக்கு 38 வயது. மிக நெருங்கிய தோழிக்கும் எனக்கும் ஒரு பொழுதுபோக்கும் ஒத்துப்போகாது. அவர் கச்சேரி, நான் ஷட்டில். மூன்று ஆண்டுகள் அலுவலகப் பேருந்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்தோம். உங்கள் செயலி எங்களுக்கு 12 விழுக்காடு போட்டு, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலேயே செய்திருக்கும்.

அரட்டை திறந்ததும் என்ன நடக்கும் என்றும் சோதித்துப் பார்த்துவிட்டேன், மனத்துக்குள். "ஹாய்." "ஹாய்." "சாப்பிட்டீர்களா?" "ம்." முடிந்தது.

#4 முன்னாள்மயிலை

அன்பருக்கு வணக்கம். வயது 67. வங்கியில் 36 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். செயலியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் தேடுவது எங்கள் தெருமுனையில் இருந்தது.

படிப்பகம் என்று பெயர். வெளியே கட்சிக்கொடி, உள்ளே நான்கு செய்தித்தாள், ஒரு நீள பெஞ்ச், ஒரு கேரம் பலகை. பலகைக்கு நேர்மேலே 60 வாட் பல்பு தொங்கும். அங்கே யாரும் யாரிடமும் தன்னை அறிமுகம் செய்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. காய் வழுக்க பலகையில் தூவும் போரிக் பவுடர் வாங்கி வருவது இன்று யார் முறை என்பதில்தான் பேச்சே தொடங்கும். அப்படிக் கிடைத்த நால்வர் என் திருமணத்தில் பந்தி பரிமாறினார்கள். அந்த நால்வரில் இருவரை நான் தோளில் சுமந்து வழியனுப்பினேன்.

மயிலாப்பூரில் நாற்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது பெருங்குடியில் மகன் வீட்டில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். மின்தூக்கியில் எல்லோரும் புன்னகைக்கிறார்கள். என் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

#5 மழைக்கோடு

ஐயா, படிக்கும்போது பொறாமையாக இருந்தது. ஆனால் அந்த நீள பெஞ்சில் நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன்? எங்கள் ஊரிலும் ஒரு படிப்பகம் இருந்தது. அம்மா அதைக் கடக்கும்போது தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார்.

#6 முன்னாள்மயிலை

உண்மைதான் அம்மா. ஒரு பெண்கூட உள்ளே வந்ததில்லை. இத்தனை ஆண்டுகளில் அது எனக்குத் தோன்றியதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

#7 நத்தைகுத்தி

பறவை பார்ப்பவன். பெயரிலேயே தெரிந்திருக்கும், நத்தைகுத்தி நாரை பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக் கோழி போல. ஏழு ஆண்டுகளாக இதே பித்து. இன்று என் நெருங்கிய வட்டத்தில் இருக்கும் ஐவரும் பறவை வழியாக வந்தவர்கள்தான். அது எப்படி நடந்தது என்று உங்கள் திரைகளைப் பார்த்த பிறகு யோசித்தேன்.

எங்கள் கையில் இருக்கும் செயலி இபேர்ட். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது. நண்பர் தேடித் தருவது அதன் வேலையே இல்லை. எங்கே, எப்போது, எத்தனை நிமிடம், என்னென்ன பறவை, எத்தனை என்ற பட்டியலைப் பதிவு செய்யலாம், அவ்வளவே. ஆனால் அதில் சின்ன வசதி ஒன்று உண்டு. நான்கு பேர் ஒன்றாகப் போனால் ஒருவர் பட்டியலிட்டு மற்ற மூவரோடும் அதைப் பகிரலாம். நால்வர் கணக்கிலும் அது ஏறும். வீட்டுக்கு வந்ததும் ஒரு செய்தி வரும்: "அந்தக் கூட்டத்தில் நாமக்கோழி எத்தனை என்று போட்டீர்கள், நாற்பதா, அறுபதா?" முன்பின் தெரியாத ஒருவரோடு நான் ஒரு மணி நேரம் தகராறு செய்தது நாமக்கோழியை வைத்துத்தான். அடுத்த ஞாயிறு அவர் என்னை வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டார்.

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததைப் பதிவு செய்தால் போதும், மொட்டைமாடியில் நின்றாலும் சரி. அங்கே வருகிறவர் தனக்கு நண்பர் வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பறவை பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் செயலியின் முதல் திரையிலேயே "எனக்கு யாரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. நான் போட மாட்டேன்.

#8 கடைசிபெஞ்ச்

கடைசி வரி நெஞ்சில் தைத்தது. நானே என் செயலியில் சேருவேனா என்று யோசித்தேன். சேர மாட்டேன்.

இரவு உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அண்மையில் வேறு ஊருக்குக் குடிபோனவர்களிடமும் கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களிடமும் கேட்டு, அறிமுகம் நட்பாக எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார். மேலோட்டமான நட்புக்கு ஏறத்தாழ 50 மணி, நட்பு என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் மணிகள் இதில் அவ்வளவாகச் சேருவதில்லையாம். என்னுடைய 612 எண்களின் மர்மம் இதில் பாதி விளங்கிவிட்டது.

வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணிக்கு 25 வாரங்கள். 200 மணிக்கு இரண்டு ஆண்டுகள். அதாவது நான் வரைந்த செயலி முதல் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ஆனது. மீதி 199 மணி 55 நிமிடத்துக்கு அதில் ஒரு திரையும் இல்லை.

#9 மீதிஒன்று

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். நாற்பது பொழுதுபோக்கு என்கிறீர்கள். சென்னையைக் குறைந்தது பதினைந்து பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பெரம்பூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூருக்கு வர மாட்டார். 40 × 15 = 600 பெட்டிகள். முதல் மூன்று மாதத்தில் 600 பேர் சேர்ந்தால் பெரிய வெற்றி. பெட்டிக்கு ஒருவர். அவர் ஐந்து பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்தாலும் பெட்டிக்கு ஐந்து பேர்தான், அதிலும் பாதிப் பேர் இரண்டாம் நாள் திறக்கவே மாட்டார்கள். திறப்பவருக்கு "உங்கள் அருகில் யாரும் இல்லை" என்று செயலி சொல்லும். தனியாக இருப்பவரிடம் போய் இதைச் சொல்லவா செயலி?

ஒரு பகுதி, ஒரு பொழுதுபோக்கு. அதற்கு மேல் தொடாதீர்கள்.

#10 தூரிகை

இந்த இழையில் இதுவரை ஒருவரைப் பற்றி யாருமே பேசவில்லை: ஏற்பாடு செய்கிறவர்.

நான்கு ஆண்டுகள் வாரந்தோறும் ஓவியக் கூடுகை நடத்தினேன். கோவில் குளம், கடற்கரை, பழைய ரயில் நிலையம் என்று எங்காவது உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வரைவோம். கடைசியாக நடத்தியது ஒன்றரை ஆண்டுக்கு முன்பு. ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

வெள்ளிக்கிழமை இரவு 22 பேர் வருகிறேன் என்பார்கள். சனிக்கிழமை காலை 9 பேர் வருவார்கள். வராத 13 பேரில் நால்வர் வரும் வழியைக் கேட்டுவிட்டு வராமல் இருப்பார்கள். இடத்துக்கு அனுமதி வாங்குவது நான். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது நான். புதிதாக வந்து ஓரமாக நிற்பவரை உள்ளே இழுப்பது நான். நடுவயதுப் பெண்ணிடம் போய் அளவுக்கு மேல் அக்கறையாகத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுப்பவரைத் தனியே அழைத்துப் பேசுவதும் நான். அந்த நான்கு ஆண்டில் நான் முழுதாக முடித்த படங்கள் எத்தனை தெரியுமா? பதினொன்று.

இதில் கூடுகையை அறிவிக்கும் ஒரு தளத்துக்கு மாதக் கட்டணம் வேறு என் கையிலிருந்து போனது. பெயர் வேண்டாம். பொதுவாகவே இந்தத் துறையில் அப்படித்தான் இருக்கிறது. 2002-இல் நியூயார்க்கில் தொடங்கிய மீட்டப் என்ற கூடுகைத் தளமும் சில ஆண்டுகளிலேயே ஏற்பாட்டாளரிடம் சந்தா வாங்கத் தொடங்கியது. கல்யாண மண்டபத்துக்குப் பெண் வீட்டார் வாடகை கட்டிச் சமையலும் செய்ய வேண்டும் என்பது போல.

வருகிறவர்களுக்காக அல்ல, ஏற்பாட்டாளருக்காகச் செயலி செய்யுங்கள். அவருடைய தலையில் இருக்கும் பத்து மூட்டையில் ஆறை இறக்கி வையுங்கள். இடம், நேரம் மாறவே மாறாது என்று ஆக்குங்கள். தேநீர்க் காசு யார் முறை, புதியவரை வரவேற்பது யார் முறை, பூட்டுச் சாவி யார் கையில் என்று முறை வைத்துச் சுற்றிவிடுங்கள். முன்னாள்மயிலை ஐயா சொன்ன போரிக் பவுடர் முறை இருக்கிறதே, அதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. நான் ஒருத்தியே நான்கு ஆண்டுகள் பவுடர் வாங்கினேன்.

#11 நத்தைகுத்தி

தூரிகை அவர்கள் சொன்னதற்குக் கீழே என் கையெழுத்து. பிரிட்டனின் பார்க்ரன் என்ற பூங்கா ஓட்டம் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது. 2004 அக்டோபர் 2-ஆம் நாள் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஒருமுறை பதிவு செய்தால் வாழ்நாள் முழுக்கப் போதும். "இந்த வாரம் வருகிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. வந்தால் வந்தீர்கள். நேரம் குறிப்பதும் வழிகாட்டி நிற்பதும் தன்னார்வலர்கள். ஓடி முடித்ததும் பக்கத்தில் எங்காவது தேநீர் குடிப்பார்கள். முக்கியமான சங்கதி அங்கேதான் நடக்கிறது என்பது என் ஐயம்.

#12 கடைசிபெஞ்ச்

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களுக்கு ஒரு வழி தோன்றுகிறது. முன்பணம் 50 ரூபாய் யுபிஐ வழியாகக் கட்ட வேண்டும். வந்தால் திரும்பக் கிடைக்கும், வராவிட்டால் தேநீர் நிதிக்குப் போகும். எப்படி?

#13 மீதிஒன்று

வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த சோதனை, 2000-இல் வெளியானது. மாலையில் குழந்தையை அழைக்கத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், காசு கட்டுகிறோமே என்று நிம்மதியாக வந்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய நிலை திரும்பவில்லை.

50 ரூபாய்க்கு மனச்சாட்சியை விற்க வழி செய்து கொடுக்காதீர்கள்.

#14 தேநீர்இரண்டு

50 ரூபாய் கட்டியவர் அடுத்த வாரமே பிஸ்கட் சரியில்லை என்று புகார் எழுதுவார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#15 மட்டுறுத்துநர்

"வாழ்க்கைத் துணையும் நட்பும் ஒரே இடத்தில்" என்ற விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. தலைப்பை ஒட்டியே பேசவும்.

#16 மழைக்கோடு

நீக்கப்பட்ட பதிவே என் அடுத்த கருத்துக்கு முன்னுரை.

நட்பு என்ற பெயரில் பெண் தேடுபவர் வருவார். கட்டாயம் வருவார். "பாதுகாப்பு" என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக் கடைசியில் ஒரு புகார்ப் பொத்தான் வைப்பது இதற்கு விடை ஆகாது. தொடக்கத்திலேயே இடம் கொடுக்காமல் இருக்க வேண்டும். இருவருக்கு இடையே தனி அரட்டை வேண்டாம். படம் வேண்டாம். தொலைபேசி எண் யாருக்கும் தெரிய வேண்டாம். சந்திப்பு குழுவாக மட்டும், பொது இடத்தில் மட்டும். தனியே பேச விரும்பும் இருவர் நேரில் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்கவும் மறுக்கவும் நேரில் முகம் இருக்கிறது.

மனிதர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். எத்தனை வாரம் வந்தார் என்ற எண்ணிக்கை போதும். பத்து வாரம் தவறாமல் கேரம் ஆட வந்தவர் பெரும்பாலும் கேரம் ஆடத்தான் வருகிறார்.

வேலை, வயது, படம் எதற்கு? 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் என்கிறது. கேரம் ஆட எதற்குப் பிறந்த தேதி?

அதற்குப் பதில் இடத்தைப் பற்றி எழுதுங்கள். கழிப்பறை இருக்கிறதா, பூட்டியிருக்குமா, சாவி யாரிடம்? மாலை ஆறரைக்கு மேல் விளக்கு எரியுமா? எந்த எண் சாதாரணக் கட்டணப் பேருந்து அருகில் நிற்கும்? 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டு வேலைகளுக்கு உதவ வரும் அக்காவுக்குக் கோலம் என்றால் உயிர், அவரும் வர வேண்டும் என்றால் பேருந்து எண் முக்கியம். குழந்தையைக் கூட்டி வரலாமா? உங்கள் திரைகளில் பொருத்த விழுக்காடு பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கழிப்பறைக்கு ஒரு வரி இல்லை. நான் ஒரு கூடுகைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான்.

#17 நொய்யல்கரை

கோவையிலிருந்து. "வேலை" பெட்டியை நீக்குங்கள் என்று மழைக்கோடு சொன்னதோடு முழுப்பெயர், சொந்த ஊர் இரண்டையும் நீக்கச் சொல்கிறேன். நம் ஊரில் இவை வெறும் தகவல்கள் அல்ல. "எந்த ஊர்? ஊருக்குள்ளா, வெளியிலா? அங்கே யார் வீடு?" என்று மூன்று கேள்வியில் ஆளை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவார்கள். ஒரு நடைக்குழுவில் எனக்கு இது நடந்திருக்கிறது. நான்காவது வாரம் ஒருவர் மிக அன்பாக இதே வரிசையில் கேட்டார். ஐந்தாவது வாரத்திலிருந்து அந்த அன்பு இல்லை. நானும் போகவில்லை.

பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஆளும் தேர்வாகிவிடுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். அறிவிப்பு ஆங்கிலத்தில், இடம் 300 ரூபாய்க் காபிக்கடை, விளையாட்டு வெளிநாட்டுப் பலகை விளையாட்டு என்றால் வருகிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கேரத்துக்குத் தெருவும் வரும், அடுக்கு மாடியும் வரும். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

#18 கடைசிபெஞ்ச்

பாதித் திரைகளை அழித்துவிட்டேன். ஒரே ஒரு வசதியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறேன். கூடுகை முடிந்ததும் செயலி ஒவ்வொருவரிடமும் "இவர்களில் யாரை மறுபடி சந்திக்க விருப்பம்?" என்று கமுக்கமாகக் கேட்கும். இருவரும் ஒருவரை ஒருவர் குறித்திருந்தால் மட்டும் இருவருக்கும் சொல்லும். கூச்சப்படுபவர்களுக்கு உதவும் அல்லவா?

#19 மழைக்கோடு

வாசல் வழியாகத் துரத்தியதைச் சன்னல் வழியாகக் கொண்டுவருகிறீர்கள், தம்பி.

#20 தூரிகை

நான் மழைக்கோடு கருத்தோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. நான்கு ஆண்டில் நான் பார்த்த கூச்சக்காரர்கள் நிறைய. ஒரே ஆளின் அருகில் ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்துவிட்டு, எண் கேட்கத் துணியாமல் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்கூட. அவர்களுக்கு ஒரு சிறு தள்ளு தேவைப்படுகிறது.

#21 மழைக்கோடு

சரி. ஆனால் யாரும் குறிக்காத ஒருவர் இருப்பாரே, வாரா வாரம் எந்தச் செய்தியும் வராமல் இருக்குமே, அவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்? தனிமையைக் குறைக்கச் செய்த செயலி, வாரம் ஒருமுறை அதை அளந்து அவர் கையில் கொடுக்கும்.

#22 முன்னாள்மயிலை

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் ஒரு யோசனை. எங்கள் குடியிருப்பில் சங்க அறை ஒன்று ஞாயிறு காலை காலியாகக் கிடக்கிறது. விளக்கு, விசிறி, கழிப்பறை எல்லாம் உண்டு, வாசலில் காவலரும் உண்டு. செயலாளரிடம் பேசிவிட்டேன். செயலியை எழுதும் முன் இங்கே நடத்திப் பாருங்கள். கேரம் பலகை என்னிடம் இருக்கிறது. ஆனால் நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஆட முடியாது.

#23 கடைசிபெஞ்ச்

ஐயா, மிக்க நன்றி. கேரத்தோடு ஒன்று சேர்க்கலாமா? பழுது பார்த்தல். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கிறது: வீட்டில் ஓடாத பொருளைக் கொண்டுவந்து, தெரிந்தவரோடு உட்கார்ந்து தானே சரிசெய்வது. எனக்குச் சிறுவயதிலிருந்தே இதில் கிறுக்கு உண்டு. திருகாணி கழற்றும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது என் போன்றோருக்குப் பெரிய வசதி.

ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. பெருங்குடி. ஆறு வாரம். இங்கே இருப்பவர்களும் வரலாம், முன்பதிவு இல்லை.

#24 கடைசிபெஞ்ச் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

கணக்கு கேட்டுத் தனிச்செய்திகள் வந்தன. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் வாரம் வருவதாகச் சொன்னவர் 14 பேர், வந்தவர் 6. இரண்டாம் வாரம் 5. மூன்றாம் வாரம் மழை, 4. அன்று நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நான்காம் வாரம் 7. அதில் இருவர் குடியிருப்பிலேயே வசிப்பவர்கள், காவலர் சொல்லி வந்தார்களாம். அறிவிப்புப் பலகை, இணையம் எல்லாவற்றையும் விட வாசல் காவலர் நல்ல விளம்பரம். நேற்று ஐந்தாம் வாரம், 8.

பழுது பற்றி: வந்த மிக்ஸிகளில் பாதிக்கு நோயே இல்லை. பாரம் கூடினால் தானாக நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டியே முதல் வாரம் மேதை என்று பெயர் வாங்கினேன். மெதுவாகச் சுற்றிய மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றினோம், 2.5 மைக்ரோஃபாரட். ஒரு வால்வு ரேடியோ மூன்று வாரமாக மேசையிலேயே இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் எடுத்துப் போகவும் யாருக்கும் மனம் இல்லை. அடுத்த வாரம் வருவதற்கு அது ஒரு சாக்கு.

சோகமும் உண்டு. முதல் வாரம் வந்த ஒருவர் இரண்டு மணி நேரமும் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை. வரவேற்பு முறை என்னுடையது. நான் மிக்ஸியில் மூழ்கியிருந்தேன்.

செயலி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: ஒரே திரை. மேலே இடம், நேரம், பேருந்து எண், கழிப்பறை. நடுவில் இந்த வாரம் யார் முறை: பால், வரவேற்பு, சாவி. கீழே மேசையில் இன்னும் முடியாமல் கிடக்கும் பொருட்களின் பட்டியல், யார் யார் கை வைத்தார்கள் என்ற பெயரோடு. இது நத்தைகுத்தியிடம் திருடியது. அரட்டை இல்லை, பொருத்தம் இல்லை. "யாரை மறுபடி சந்திக்க விருப்பம்" வசதியைச் சேர்க்கவில்லை. தூரிகையும் மழைக்கோடும் நேரிலேயே இதைப் பற்றி இரண்டு வாரமாகச் சண்டை போடுகிறார்கள், முடியட்டும்.

#25 தேநீர்இரண்டு

ஐந்து வாரம், வாரம் இரண்டு மணி, ஆகப் பத்து மணி. 50-க்கு இன்னும் 40 பாக்கி. முதலீட்டாளர் எவரும் காத்திருக்க மாட்டார்.

(நேற்று மூலையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைக் கழற்றியது நான்தான். பெயர் சொல்லவில்லை.)

#26 கடைசிபெஞ்ச்

அது நீங்களா! பெட்டியின் ஒரு திருகாணி இங்கே கிடக்கிறது. அதைப் போடாமல் மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள்.

#27 முன்னாள்மயிலை

வரும் ஞாயிறு பால் என் முறை. சர்க்கரை வேண்டாதவர்கள் இப்போதே சொல்லவும். சென்ற முறை மூவர் கடைசி நேரத்தில் சொன்னார்கள்.

#28 வெண்கலப்பானை

புதியவள். முழு இழையையும் படித்தேன். வேளச்சேரியில் இருக்கிறேன். மாமியாரின் பழைய மிக்ஸி ஒன்று இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டேன், அது இல்லை பிரச்சினை. கொண்டு வரலாமா?

#29 கடைசிபெஞ்ச்

வாருங்கள் அக்கா. ஜாரையும் கொண்டு வாருங்கள். போன வாரம் ஒருவர் ஜார் இல்லாமல் வந்து, குறை ஜாரின் புஷ்ஷில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வரவேற்பு இந்த வாரம் மழைக்கோடு முறை.